உங்கள் தெருக் குறையைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுவது எப்படி

தெருவில் தண்ணீர் தேங்குகிறது, விளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வாரத்தில் ஒரு நாள்தான் வருகிறது. இதையெல்லாம் டீக்கடையில் பேசுகிறோம், வாட்ஸ்அப் குழுவில் படம் போடுகிறோம், கவுன்சிலரை வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்திச் சொல்கிறோம், அவரும் "பார்த்துடலாம்" என்கிறார். அதோடு சரி. எங்கள் பேரூராட்சியில் ஒரு வடிகாலுக்காக மூன்று மழைக்காலம் நான் இப்படித்தான் அலைந்தேன். நான்காவது வருடம் அலுவலகத்தில் இருந்த ஒரு பெரியவர், "இதுக்குத் தீர்மானம் இருக்கா? தீர்மான எண் கொண்டாங்க, அப்புறம் பேசலாம்" என்றார். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மூன்று வருடம் பேசினோம், ஆனால் ஒரு காகிதத்திலும் அது ஏறவில்லை.

அதனால் இந்தக் குறிப்பு முழுக்க அந்த ஒரு வேலையைப் பற்றித்தான். உங்கள் தெருவின் தேவை மன்றக் கூட்டத்தில் ஒரு பொருளாக வந்து, விவாதிக்கப்பட்டு, எண் போட்ட தீர்மானமாக எப்படி மாறும், அதற்கு நீங்கள் என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அது யாருடைய வேலை என்று பாருங்கள். பாதி மனுக்கள் இங்கேதான் செத்துப்போகின்றன. உங்கள் ஊர் வழியாகப் போகும் பெரிய சாலை பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம், அதில் குழி விழுந்தால் கவுன்சிலர் எத்தனை முறை பேசினாலும் பேரூராட்சிப் பணத்தில் தார் போட முடியாது. ஏரி என்றால், 40 ஹெக்டேருக்குக் குறைவான பாசனப் பரப்பு உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் நீர்வளத் துறை. தெருவிளக்கில் பல்பும் அதன் பராமரிப்பும் உள்ளாட்சியின் வேலை, கம்பம் மின்வாரியத்துடையது. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீரை மேல்நிலைத் தொட்டி வரை கொண்டுவருவது குடிநீர் வடிகால் வாரியம், தொட்டியிலிருந்து உங்கள் வீட்டுக் குழாய் வரை உள்ளாட்சி. உங்கள் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் பக்கத்துத் தெருவில் வருகிறதா என்று பாருங்கள், வந்தால் பிரச்சினை தொட்டிக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. இப்படிப் பிரித்துப் பார்த்துவிட்டு மனு எழுதினால், "இது எங்கள் எல்லைக்குள் வராது" என்ற ஒற்றை வரிப் பதிலில் ஆறு மாதம் போகாது.

வேறு துறையின் வேலையாக இருந்தாலும் மன்றத்துக்கு வழி இருக்கிறது. அந்தத் துறையைக் கேட்டுக்கொள்வதாக மன்றம் ஒரு தீர்மானம் போட்டு அனுப்பலாம். தனி ஆள் போடும் மனுவைவிட மன்றத்தின் தீர்மானத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அந்த அலுவலகத்துக்கு அதிகம்.

அடுத்தது, உங்கள் ஊர் எந்த வகை உள்ளாட்சி என்பது. கேட்க எளிதாகத் தோன்றும், ஆனால் நகரத்தை ஒட்டி இருப்பவர்களில் பலருக்குத் தங்கள் வீடு ஊராட்சியிலா மாநகராட்சியிலா என்றே உறுதியாகத் தெரியாது. வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், மேலே எழுதியிருக்கும். இது ஏன் முக்கியம் என்றால் அதிகாரம் இருக்கும் இடமே மாறுகிறது. கிராம ஊராட்சியில் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர்தான் செயல் அதிகாரியும், ஊராட்சிக் கணக்கில் காசோலையில் அவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறார்கள். பேரூராட்சியிலும் நகராட்சியிலும் அப்படி இல்லை. தலைவரைக் கவுன்சிலர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள், மாநகராட்சியில் மேயரையும் அப்படித்தான். கோப்பை நகர்த்தும் அதிகாரம் பேரூராட்சியில் செயல் அலுவலரிடமும், நகராட்சி, மாநகராட்சியில் ஆணையரிடமும் இருக்கிறது. மன்றம் முடிவெடுக்கும், அலுவலர் நிறைவேற்றுவார். ஆகவே கிராமத்தில் தலைவரைப் பிடித்தால் பெரும்பாலும் போதும். நகரத்தில் கவுன்சிலர், அலுவலர் இருவரையும் பார்க்க வேண்டும். ஒருவரை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் "நான் ரெடி, அவங்கதான் பண்ணல" என்று இரண்டு பக்கமும் சொல்வார்கள், நடுவில் நாம்தான் நிற்போம்.

கிராமத்தில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்பது என் உறுதியான எண்ணம், காரணம் கிராம சபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர், நேரடியாக எழுந்து பேசலாம், கேள்வி கேட்கலாம், தீர்மானம் முன்மொழியலாம். அது கூடும் நாட்கள் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்காக இருந்ததை 2022இல் ஆறாக உயர்த்தினார்கள், மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் சேர்ந்தன. இத்தனை நாட்கள் இருந்தும் பல ஊர்களில் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை அப்படியே உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கிக் கூட்டத்தை அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. நீங்கள் போவதென்றால் தனியாகப் போகாதீர்கள். குறைந்தபட்ச வருகை என்று ஒரு கணக்கு இருக்கிறது: மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இந்த எண்ணிக்கை சேராவிட்டால் கூட்டமே செல்லாது. உங்கள் தெருவிலிருந்து இருபது பேர் போனால் அது பேச்சுக்குப் பலம், கூட்டத்துக்கும் பலம்.

கிராம சபையில் பேசிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். எழுதிக்கொண்டு போன தீர்மான வாசகத்தைக் கையில் கொடுங்கள், ஊராட்சிச் செயலர் அதைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதும் வரை பக்கத்திலேயே இருங்கள், எழுதிய பக்கத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், அதன் பிறகே கையெழுத்துப் போடுங்கள். காலியாக இருக்கும் பக்கத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போடவே கூடாது, யார் கேட்டாலும் சரி.

நகரத்தில் இந்த வசதி இல்லாமலே பல காலம் ஓடியது. 1992இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 74வது அரசியல் சாசனத் திருத்தம் வார்டு குழுக்களைப் பற்றிப் பேசியது, ஆனால் தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபா இரண்டுக்குமான விதிகள் 2022இல்தான் வந்தன, அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று முதல் பகுதி சபாக் கூட்டங்கள் நடந்தன. ஒரு வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் வாக்காளர்களும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடிப் பேசுவது, அங்கே எழுந்த கோரிக்கைகளைக் கவுன்சிலர் தலைமையிலான வார்டு குழு எடுத்து மன்றத்துக்குக் கொண்டுபோவது என்பது ஏற்பாடு. உங்கள் வார்டில் இது நடக்கிறதா என்று கேளுங்கள். நடக்கவில்லை என்றால், கடைசியாக எந்தத் தேதியில் நடந்தது, அதன் நடவடிக்கைக் குறிப்பு எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். அப்படி எழுத்தில் கேட்டதாலேயே அடுத்த கூட்டம் நடந்த வார்டுகள் எங்கள் ஊரில் உண்டு.

இனி மனு. நாம் எழுதும் மனுவில் வேதனை நிறைய இருக்கும், விவரம் இருக்காது. "எங்கள் தெருவில் கால்வாய் வசதி இன்றி மக்கள் சொல்லொணாத் துயரம்" என்று ஒரு பக்கம் எழுதினால், அதைப் படிக்கும் எழுத்தர் அதிலிருந்து ஒரு கூட்டப்பொருளைத் தயாரிக்க முடியாது, அவரே வந்து அளக்கவும் போவதில்லை. மன்றக் கூட்டத்துக்கு வரும் ஒவ்வொரு பொருளும் ஒரே மாதிரிதான் இருக்கும்: எந்த இடம், என்ன வேலை, எவ்வளவு நீளம் அல்லது எத்தனை எண்ணிக்கை, எந்த நிதியில், மன்றத்திடம் என்ன கேட்கிறோம். இதே அச்சில் நீங்களே எழுதிக் கொடுத்தால் அலுவலகத்துக்கு வேலை குறைகிறது, உங்கள் வார்த்தையே அஜெண்டாவில் ஏறுகிறது. நாங்கள் கடைசியில் கொடுத்தது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"7வது வார்டு, கோயில் தெரு வடக்குப் பகுதியில் கைப்பம்பு முதல் ரேஷன் கடை வரை சுமார் 110 மீட்டர் நீளத்துக்கு மழைநீர் வடிகால் இல்லாததால் ஒவ்வொரு மழைக்கும் 34 வீடுகளின் வாசலில் நீர் தேங்குகிறது. மேற்படி இடத்தில் வடிகால் அமைக்க மதிப்பீடு தயாரித்து, பொது நிதியிலோ நிதிக்குழு மானியத்திலோ பணியை மேற்கொள்ள மன்றத்தின் அனுமதிக்கு இப்பொருளை வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

அவ்வளவுதான். கூடவே கையால் வரைந்த ஒரு படம், தேதியோடு நான்கு புகைப்படம், 34 வீட்டிலிருந்தும் ஒரு கையெழுத்து. அளவை நாங்களே டேப் பிடித்து எடுத்தோம், தெருப் பிள்ளைகள்தான் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். பொறியாளர் பின்னால் வந்து அளந்தபோது சில மீட்டர் மாறியது, அதனால் எதுவும் கெட்டுப்போகவில்லை.

நிதியைப் பற்றி ஒரு வார்த்தை. எந்தப் பணத்திலிருந்து என்று எழுதுவது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம், ஆனால் "நிதி இல்லை" என்ற பதில் வரப்போவது அங்கிருந்துதான். உள்ளாட்சிக்குச் சொந்த வரி வருமானம் இருக்கிறது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்குப் பிரிகிறது. மத்திய நிதிக்குழு மானியம் தனி, அதில் ஒரு பகுதி குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்த பணம், அதைச் சாலைக்கு எடுக்க முடியாது. உங்கள் கோரிக்கை குடிநீரோ கழிவுநீரோ என்றால் அந்தக் கட்டிவைத்த பகுதியைக் குறிப்பிட்டுக் கேளுங்கள், ஆண்டு முடிவதற்குள் செலவழிக்க வேண்டிய பணமாக அது கிடக்க வாய்ப்பு உண்டு.

மனுவைத் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பிறகு ஒரு நகலைக் கவுன்சிலரிடம் நேரில் கொடுங்கள். இங்கே எனக்கு மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும். 2016இல் சட்டத்தைத் திருத்தி உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள், ஆனால் இன்றைக்கும் பல ஊர்களில் மனுவைக் கவுன்சிலரின் கணவரிடம் கொடுத்துவிட்டு வருகிறோம். அவரிடம் கொடுக்காதீர்கள். அந்த அம்மாவைப் பார்த்து, "அக்கா, நீங்கதான் மன்றத்துல பேசணும்" என்று சொல்லிக் கொடுங்கள், அளவையும் வீட்டு எண்ணிக்கையையும் அவரிடமே விளக்குங்கள். எங்கள் வார்டு கவுன்சிலர் அதுவரை ஒரு கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை என்றார்கள், கையில் எண்களோடு போன அன்று அவர்தான் அதிக நேரம் பேசினார்.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாளில் மனு கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கொடுக்கலாம், ஆனால் அந்த மனு உதவி இயக்குநர் வழியாக இறங்கி உங்கள் செயல் அலுவலரின் மேசைக்கே வந்து சேரும், அவர் "பரிசீலனையில் உள்ளது" என்று எழுதி முடித்துவிடுவார். உள்ளாட்சியில் முத்திரை வாங்கிய நகலை இணைத்து, இத்தனை நாளாகியும் மன்றத்தில் வைக்கவில்லை என்று சொல்லிக் கொடுத்தால் மட்டும் அதற்குப் பயன் இருக்கிறது.

மன்றம் பொதுவாக மாதம் ஒரு முறை கூடும். கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்பு உறுப்பினர்களுக்குக் கூட்டப்பொருள் பட்டியல் போகும், கவுன்சிலரிடம் கேட்டால் காட்டுவார். அதைப் படிக்கப் பழகுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே அலுவலகக் குறிப்பு என்று இருக்கும், மன்றத்தின் முடிவு பெரும்பாலும் அந்தக் குறிப்பை ஒட்டியே போகும், ஆகையால் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் பாதிச் சண்டை. "பின்னேற்பு" என்ற சொல்லைத் தேடுங்கள். ஏற்கெனவே செய்து முடித்த, செலவழித்த வேலைகளுக்கு மன்றத்தின் ஒப்புதலைப் பிறகு வாங்குவதற்குப் பெயர் அது. மோட்டார் பழுது, மழை வெள்ளம் போன்ற அவசரத்துக்கு அது நியாயமான வழி. ஆனால் பட்டியலில் பாதி பின்னேற்பாகவே இருந்தால், விவாதம் நடக்க வேண்டிய இடத்தில் நடக்கவில்லை என்று அர்த்தம், அதைக் கேட்கச் சொல்லிக் கவுன்சிலருக்கு எடுத்துச் சொல்லலாம்.

மன்றக் கூட்டத்தில் பேசும் உரிமை உறுப்பினர்களுக்கு மட்டும். பார்வையாளராக உட்கார அனுமதிக்கிறார்களா என்பதை முன்னதாகவே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே கூச்சலும் வெளிநடப்பும் நடந்தால் மறுநாள் பேப்பரில் அதுதான் வரும், நடுவில் உங்கள் பொருள் என்ன ஆனது என்பது வராது. மூன்றில் ஒன்று நடந்திருக்கும்: அனுமதிக்கப்பட்டது, ஒத்திவைக்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது. ஒத்திவைப்புதான் ஆபத்து. எதிர்ப்பு என்றால் பதில் சொல்லலாம், ஒத்திவைத்ததை அடுத்த கூட்டத்தில் யாரும் எடுக்காவிட்டால் அப்படியே மறைந்துவிடும். எங்கள் வடிகால் ஒரு முறை ஒத்திவைக்கப்பட்டது, அடுத்த கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பு "மேற்படி ஒத்திவைக்கப்பட்ட பொருளை மீண்டும் வைக்கவும்" என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தோம், வைத்தார்கள்.

தீர்மானம் ஆனதும் நகல் வாங்குங்கள். கேட்டுத் தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் போடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதற்கடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. விண்ணப்பத்தில் "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள். ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: தீர்மான நகல், மதிப்பீட்டின் நகல், ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு, வேலை உத்தரவு, வேலை முடிந்த பின் அளவுப் புத்தகத்தின் நகல். கடைசியாகச் சொன்னது முக்கியம். 110 மீட்டருக்குப் பணம் கொடுத்து 80 மீட்டர் கட்டியிருந்தால் அந்தப் புத்தகத்தில்தான் தெரியும்.

இப்போது பல ஊர்களில் ஓடும் பெரிய விவாதத்துக்கு வருகிறேன். நகரத்தை ஒட்டிய ஊராட்சிகளை மாநகராட்சியோடும் நகராட்சியோடும் இணைக்கும் அறிவிப்புகள் 2025 தொடக்கத்தில் வந்தபோது மாநிலத்தின் பல இடங்களில் மக்கள் மறியல் செய்தார்கள், கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். என் அத்தை வீடு இருக்கும் ஊராட்சியின் பெயரும் பேச்சில் அடிபட்டது, அங்கே போய் உட்கார்ந்து கேட்டபோது இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. நூறு நாள் வேலை என்று மக்கள் சொல்லும் வேலைத் திட்டம் ஊரகப் பகுதிக்கு மட்டுமே உரியது, நகரத்தோடு சேர்ந்தால் அது போகும், அந்த வருமானத்தை நம்பி இருக்கும் பெண்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வீட்டு வரி நகரத்துச் சொத்து வரியாக மாறும், காலிமனைக்கும் வரி வரும், நேரடியாகத் தேர்ந்தெடுத்த தலைவரும் கிராம சபையும் இல்லாமல் போவார்கள். மறுபக்கம், விளைநிலம் எல்லாம் மனைப்பிரிவாகி வீடுகள் நெருங்கிவிட்ட ஊரில் பாதாளச் சாக்கடையையோ தினசரிக் குப்பை அகற்றலையோ ஒரு கிராம ஊராட்சியின் வருமானத்தில் நடத்தவே முடியாது, அதையும் மறைக்கக் கூடாது.

இப்படி ஒரு பேச்சு உங்கள் ஊருக்கு வந்தால், ஆதரவா எதிர்ப்பா என்று முடிவெடுக்கும் முன் உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். உங்கள் ஊரில் வேலை அட்டை வைத்து உண்மையில் வேலைக்குப் போகும் குடும்பங்கள் எத்தனை, இப்போது ஒரு சாதாரண வீட்டுக்கு வரி எவ்வளவு, பக்கத்து நகரத்தில் அதே அளவு வீட்டுக்கு எவ்வளவு, அந்த நகரத்தில் முன்பே இணைந்த புறநகர் வார்டுகளில் இத்தனை வருடத்தில் குழாயும் சாக்கடையும் வந்ததா. கடைசிக் கேள்விக்கு ஒரு நாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாலே பதில் கிடைக்கும். பிறகு அந்த எண்களோடு கிராம சபையில் தீர்மானம் போடுங்கள், அறிவிப்பில் குறித்திருக்கும் நாளுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் அனுப்புங்கள். "இணைப்பைக் கைவிடுக" என்ற ஒற்றை வரியைவிட, இன்ன காரணத்தால் எங்கள் ஊராட்சி இணைப்புக்குத் தகுதியானதல்ல, அல்லது இணைப்பதென்றால் இத்தனை ஆண்டுக்கு வரியை உயர்த்தாமல் இன்ன வசதியை முதலில் செய்ய வேண்டும் என்று எழுதியது கோப்பில் நிற்கும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாத காலமும் வரும், அதற்கும் தயாராக இருங்கள். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகர்ப்புற மன்றங்களுக்கு 2022 பிப்ரவரி 19 வரை தேர்தல் நடக்கவில்லை, ஐந்து வருடத்துக்கு மேல் அரசு நியமித்த தனி அலுவலர்தான் மன்றம். 2019இல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் ஊராட்சிகளும் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு தனி அலுவலர் கைக்குப் போயின. அந்தக் காலத்திலும் கிராம சபை கூட வேண்டும், அங்கே போடும் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் அலுவலர் மாறிக்கொண்டே இருப்பார், பழைய பேச்சு எதுவும் புதியவருக்குத் தெரியாது.

அதனால் வீட்டில் ஒரு கோப்பு போட்டு வையுங்கள். முத்திரை வாங்கிய மனு, தீர்மான நகல், தகவல் உரிமைப் பதில்கள், படங்கள், எல்லாம் தேதி வரிசையில். புதிதாக அலுவலர் வந்தாலோ, மன்றம் மாறினாலோ, ஊரே இன்னொரு நகரத்தோடு சேர்ந்தாலோ, நிறைவேறாமல் கிடக்கும் தீர்மானங்களின் நகலை ஒரு பட்டியலோடு புதிய அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள். எங்கள் கோயில் தெருவில் தண்ணீர் இப்போது தேங்குவதில்லை, ஆனால் தெற்குப் பகுதிக்கான வடிகால் இன்னும் பாக்கி. அதன் தீர்மான நகல் என் கோப்பில் மேலாக இருக்கிறது.